எஃப் சுரத்தில் ஓர் அண்டா

நோர்வூட்,
2024 ஏப்ரல் 23.

டிலுக்ஷிக்கு,

அண்ணன் எழுதுவது. போனில் பேசலாம்தான். பேசினால் இரண்டாவது நிமிடமே நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய். அதனால்தான் பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு தபால் கந்தோருக்குப் போய் முத்திரை வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

சனிக்கிழமை நுவரெலியா ஹோட்டலில் நடந்ததைப் பற்றி எனக்கு ஒரே ஒரு கேள்வி. அத்தனை பேர் முன்னால், பாட்டு நடுவில், சொந்த அண்ணனைப் பார்த்துக் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னாயே, எதற்கு? நீ என் தங்கச்சியாக இருந்தாலும் மேடையில் நீதான் தலைவி. உன் பியானோ போகிற வழியில்தான் கிஷாந்தின் பேஸும் என் அடியும் போகும். ஆறு வருஷமாக மூன்று பேரும் சண்டை பிடித்துக்கொண்டேதான் ஜாஸ் வாசிக்கிறோம். ஆனால் மேடையில் யாரும் யாரையும் நிறுத்தியது கிடையாது. குச்சியைக் கீழே வைத்துவிட்டு நான் நின்ற நிலையை நினைத்தால் இப்போதும் முகம் எரிகிறது.

டிம்பனியைக் கொண்டுவந்த நாளிலிருந்தே உனக்கு அது ஆகவில்லை. மூடிப்போன தேயிலைத் தோட்டத் துரைமார் கிளப்பிலிருந்து பங்கு பாதருக்கு வந்து, பாதரிடமிருந்து என்னிடம் வந்த, தோல் கட்டிய இரண்டு செப்புப் பாத்திர முரசுகள். பெரிய ஓர்கெஸ்ட்ராவில் நூறு பேருக்குப் பின்னால் வைக்கிற சாமான் மூன்று பேர் வாசிக்கிற ஜாஸுக்கு எதற்கு என்று கேட்டாய். ஹோட்டல்காரர்கள் பிரியாணி அண்டா என்று பெயர் வைத்தபோது நீயும் சேர்ந்து சிரித்தாய். நான் பொறுத்துக்கொண்டேன். ஏனென்றால் உன் ‘பெரட்டு’ பாட்டுக்கு டிரம்செட் போதவில்லை என்று முதலில் சொன்னவளே நீதான். காலையில் தோட்டத்தில் பெயர் பதிந்து வேலை பிரிக்கிற பெரட்டுக்கு ஆட்களைக் கூப்பிடுகிற அந்தத் தப்பு மேளத்தின் அடியைச் சிம்பலில் வாசித்தால் தேநீர்க் கோப்பையைக் கரண்டியால் தட்டுகிற மாதிரி இருக்கிறது என்றாய். டிம்பனியில் காலால் மிதித்தால் சுரம் ஏறும், விட்டால் இறங்கும். அடியும் ராகமும் ஒன்றிலேயே வரும் என்று காட்டியபோது, நீ பியானோவை விட்டு எழுந்து வந்து பார்த்தாயே, அது பொய்யா?

பதில் எழுது. போனில் கூப்பிடாதே.

றொனால்ட்


நுவரெலியா,
2024 ஏப்ரல் 29.

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதம் கிடைத்தது. ஒரே கேள்வி என்று சொல்லிவிட்டு ஒன்பது குற்றச்சாட்டு எழுதியிருக்கிறீர்கள்.

உங்கள் கேள்விக்குப் பதில்: பெரிய டிம்பனி எஃப் சுரத்தில் நிற்க வேண்டும். நான்காவது நிமிடத்தில் அது ஈ-க்கு இறங்கிவிட்டது. பியானோவை நான் வளைக்க முடியாது. கிஷாந்த் யாரைப் பின்பற்றுவது என்று தெரியாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நீங்களோ கண்ணை மூடிக்கொண்டு இறங்கின சுரத்திலேயே இன்னும் பலமாக அடித்தீர்கள். நான் தலையசைத்தேன், பார்க்கவில்லை. பிறகுதான் கையைக் காட்டினேன். வேறு என்ன செய்திருக்க வேண்டும், சொல்லுங்கள்.

முன்வரிசையில் கொழும்பிலிருந்து ஒருவர் வந்திருந்தார். அங்கே ஒரு மண்டபத்தில் இசை நிகழ்ச்சிகள் வைப்பவர். அவருக்காக நான் மூன்று மாதம் அலைந்தது உங்களுக்குத் தெரியும். அப்படிப்பட்ட நாளில் நீங்கள் டிக்கோயா ஆஸ்பத்திரியில் வேலை முடித்து, பஸ் பிடித்து, ஆறரை மணிக்கு நனைந்துகொண்டு வந்து நின்றீர்கள். ஏழு மணிக்கு நிகழ்ச்சி. வேறொருவரிடம் வேலை முறையை மாற்றிக்கொண்டு வரச் சொல்லி எத்தனை தடவை கெஞ்சினேன்.

மேடைக்குப் பின்னால் நீங்கள் கேட்டபோது சொன்னதைத்தான் இப்போதும் சொல்கிறேன். கோபத்தில் சொல்லவில்லை. உங்களுக்கு நாற்பத்திரண்டு வயது. காதைக் கொஞ்சம் காட்டுங்கள். அரைச் சுரம் இறங்கியது உங்களுக்குக் கேட்கவில்லை என்றால் அது தோலின் பிழை இல்லை.

அண்ணிக்கு என் அன்பு.

டிலுக்ஷி


நோர்வூட்,
2024 மே 6.

டிலுக்ஷி,

உன் கடிதத்தை மூன்று நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். பிறகு கிஷாந்துக்குப் போன் பண்ணிக் கேட்டேன்.

சொல்வதைக் கவனமாகக் கேள். அன்றைக்கு ஏதோ உரசுகிறது என்று எனக்கும் தெரிந்தது. கிஷாந்தின் பேஸ் ஏறிவிட்டது என்று நினைத்தேன். நான் சரி, அவன்தான் பிசகிவிட்டான் என்ற உறுதியில்தான் பலமாக அடித்தேன், அவனை இழுத்துக்கொண்டு வருவதற்காக. அவன் என்ன சொல்கிறான் தெரியுமா? “இல்லண்ணே, நான் அக்காவோடதான் நின்னேன். நீங்கதான் கீழ போயிட்டீங்க.” இரண்டு பேர் ஒரே மாதிரிச் சொல்லும்போது மூன்றாவது ஆள் என்ன சொல்வது?

ஆறரைக்கு வந்து தட்டிப் பார்த்தபோது இரண்டு தோலும் விறைப்பாக இருந்தன. அந்த மழையில் கன்றுத் தோல் துணி மாதிரித் தொங்கியிருக்க வேண்டும். கர்த்தர் காப்பாற்றினார் என்று நினைத்துக்கொண்டு சுரத்தை வைத்தேன். வழக்கமாக இரண்டு மணி நேரம் அறையிலேயே விட்டுத் தோல் அடங்கிய பிறகுதான் வைப்பேன், அன்றைக்கு நேரம் இல்லை, மத்தியானமே வந்திறங்கிய தோல் அடங்கியிருக்கும் என்று நம்பினேன். இருந்தாலும் இறங்கினால் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பதினாறு வயதிலிருந்து காதை நம்பித்தான் அடிக்கிறேன்.

இப்போது கோயிலில் பாட்டுக்காரர்களோடு நிற்கும்போது வாயைத் திறக்கப் பயமாக இருக்கிறது. பக்கத்தில் நிற்பவர் திரும்பிப் பார்த்தால் நான் பிசகிவிட்டேனோ என்று தோன்றுகிறது. போன ஞாயிறு பாடவே இல்லை. சும்மா உதட்டை அசைத்துக்கொண்டிருந்தேன். உனக்கு இது சின்ன விஷயமாக இருக்கலாம்.

றொனால்ட்


நுவரெலியா,
2024 மே 14.

அன்புள்ள அண்ணாவுக்கு,

நடந்தது நடந்துவிட்டது. அதையே பேசிக்கொண்டிருக்க வேண்டாம். ஒரு நல்ல செய்தி இருக்கிறது, அதைக் கேளுங்கள்.

கொழும்புக்காரர் எழுதியிருக்கிறார். ஜூன் 29, சனிக்கிழமை. அவருடைய மண்டபத்தில் ஒரு மணி நேரம் நமக்கு. முதலில் நம்பவில்லை, இரண்டு தடவை படித்தேன். ஆறு வருஷமாகக் கட்லட் சாப்பிடுகிறவர்களுக்கும் கேக் வெட்டுகிறவர்களுக்கும் வாசித்திருக்கிறோம் அண்ணா. கேட்பதற்கென்றே வருகிற ஆட்கள் முன்னால் இதுவரை ஒரு தடவைகூட வாசித்தது இல்லை. எனக்கு இது எவ்வளவு பெரியது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஆனால் ஒரு நிபந்தனை. அவருக்கு டிம்பனி வேண்டும். எத்தனையோ ஜாஸ் குழுக்களைக் கேட்டிருக்கிறாராம், தப்பு மாதிரிப் பேசிக்கொண்டு வழுக்கி ஏறுகிற ஒரு முரசை ஜாஸில் அவர் எதிர்பார்க்கவே இல்லையாம். கடைசியில் அது இறங்கியதைக்கூட நாம் வேண்டுமென்றே செய்தோம் என்று நினைத்திருக்கிறார். ஹட்டனிலிருந்து நல்ல டிரம்செட் ஆள் ஒருவரைக் கூட்டிவருகிறேன் என்று எழுதிப் பார்த்தேன். செப்பு முரசு இல்லை என்றால் நிகழ்ச்சியும் இல்லை என்று ஒரே வரியில் பதில் வந்தது.

ஆகவே வாருங்கள். கொழும்பில் மூட்டம் இல்லை, தோல் அவ்வளவு தொந்தரவு தராது. சுரம் வைக்கும்போது நான் பக்கத்தில் நிற்கிறேன், போனில் சுரம் சரியா என்று காட்டுகிற அளவுகருவியும் இருக்கிறது. காதை நம்பியே ஆக வேண்டும் என்று ஒன்றும் இல்லை.

டிலுக்ஷி


நோர்வூட்,
2024 மே 22.

டிலுக்ஷி,

காதைக் காட்டச் சொன்னாய். காட்டினேன்.

ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவன் என்பதால் வரிசை இல்லாமல் போயிருக்கலாம். போகவில்லை. இரண்டு மணி நேரம் வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். ஒரு சின்ன அறைக்குள் விட்டு, காதில் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்து என்றார்கள். சத்தம் வருவதற்கு முன்பே அழுத்தினேன். நர்ஸ் நிறுத்தி, “பதறாதீங்க, இது பரீட்சை இல்ல” என்றார். எனக்குப் பரீட்சைதான்.

டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, காது சுத்தமாக இருக்கிறது, வயசுக்கு நன்றாகவே கேட்கிறது என்றார். நான் நம்பவில்லை. அந்த யந்திரம் சத்தம் கேட்கிறதா என்று பார்க்கிறது. கேட்கிற சத்தம் எது என்று எனக்குச் சரியாகத் தெரிகிறதா என்று அது பார்க்கவில்லையே. அதைச் சொல்ல வேண்டியவர்கள் நீயும் கிஷாந்தும், நீங்கள் சொல்லிவிட்டீர்கள். டாக்டரை விட உன்னைத்தான் நம்பினேன். உனக்கு நாலு வயதாக இருக்கும்போது கோயில் ஆர்மோனியத்தில் எந்தக் கட்டை பிசகு என்று விரல் வைத்துக் காட்டியவள் நீ.

டிம்பனியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பாதர் காரணம் கேட்டார், முதுகு வலி என்றேன். அவர் அதைக் கொத்மலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூட பேண்டுக்கு அனுப்பிவிட்டார். உன் கடிதம் வந்தது அதற்கு அடுத்த நாள்.

அது முன்பே வந்திருந்தாலும் நான் கொழும்புக்கு வந்திருக்க மாட்டேன். அளவுகருவியைப் பார்த்து அடிக்கச் சொல்கிறாய். கிணறு வற்றிவிட்டது, பக்கத்து வீட்டில் தண்ணீர் கேள் என்கிற மாதிரி இருக்கிறது. கொழும்புக்காரருக்கு வேறு ஏதாவது சொல்லு.

றொனால்ட்


நுவரெலியா,
2024 மே 26.

அண்ணா,

கடிதம் நேற்று வந்தது. இதை எழுத எனக்குக் கை வரவில்லை, எழுதாமலும் இருக்க முடியவில்லை.

உங்கள் காதில் ஒன்றும் இல்லை. தோலைக் காய்ச்சியது நான்.

அன்றைக்கு மத்தியானம் நம் தோட்டத்தில் தப்படிக்கிற சின்னத்தம்பி அண்ணன்தான் லொறியில் டிம்பனியைக் கொண்டுவந்து இறக்கினார். வழியெல்லாம் மழை. உறையை எடுத்துத் தட்டினால் ஈரச் சாக்கைத் தட்டுகிற சத்தம். ஆறு மணி வரை பார்த்தும் தோல் காயவில்லை, உங்களுக்குப் போனும் போகவில்லை. கொழும்புக்காரர் மூன்று மணிக்கே வந்துவிட்டார். எனக்குத் தெரிந்ததெல்லாம் நம் லய வீடுகள் பக்கம் தப்படிக்கிறவர்கள் செய்வதுதான். ஹோட்டல் குசினியில் ஓர் இரும்புச் சட்டியில் கரி நெருப்பு வாங்கிவரச் சொன்னேன். சின்னத்தம்பி அண்ணன் தயங்கினார். நான் அதட்டினேன். அவர் தப்பைக் காய்ச்சுகிற மாதிரியே பதமாகக் காய்ச்சிக் கொடுத்தார். தோல் விறைத்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது.

போகும்போது அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “டீச்சர், இது சூடு ஆறுனா இறங்கிரும். நம்ம தப்புன்னா ஓரமாப் போயி மறுபடி காய்ச்சிக்கிடுவோம். இங்க அது முடியாது. அண்ணங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க, அவரு மிதிச்சு ஏத்திக்கிடுவாரு.”

நான் சொல்லவில்லை. இந்தத் தோலுக்குப் பக்கத்தில் நெருப்புக்குச்சிகூட உரசக் கூடாது என்று நீங்கள் எத்தனை முறை சொல்லியிருக்கிறீர்கள். நிகழ்ச்சிக்கு அரை மணி நேரம் இருக்கும்போது உங்களிடம் திட்டு வாங்க நான் தயாராக இல்லை. சொல்லியிருந்தால் இறங்கும் என்று எதிர்பார்த்து நின்றிருப்பீர்கள், மிதித்து ஏற்றியிருப்பீர்கள். சொல்லாததால்தான் தோல் அடங்கிவிட்டது என்று நம்பினீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. அது இறங்கியபோது எனக்குக் கோபம் வந்தது, ஆனால் கூடவே ஒரு சின்ன சந்தோஷமும் வந்தது. டிம்பனி ஜாஸுக்கு ஒத்துவராது என்று நான் சொன்னது சரியாகிவிட்டதே என்று. அந்தச் சந்தோஷத்தில்தான் கையை உயர்த்தினேன். பிறகு எல்லாரும் அண்டாவைப் பார்த்துச் சிரித்தபோது, உண்மையைச் சொல்வதைவிட உங்கள் காதைக் குறை சொல்வது எனக்கு எளிதாக இருந்தது. சின்னத்தம்பி அண்ணனிடம் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அவர் அதற்குப் பிறகு என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

நீங்கள் கோயிலில் உதட்டை மட்டும் அசைத்தேன் என்று எழுதியபோதே சொல்லியிருக்க வேண்டும். அதைப் படித்த பிறகும் நான் கொழும்பைப் பற்றித்தான் எழுதினேன். என்னை எனக்கே பிடிக்கவில்லை.

மன்னியுங்கள் என்று கேட்க எனக்கு முகம் இல்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

டிலுக்ஷி


நுவரெலியா,
2024 ஜூன் 5.

அன்புள்ள அண்ணாவுக்கு,

பத்து நாளாகப் பதில் இல்லை. நான் எதிர்பார்க்கவும் கூடாது.

இன்று காலை கொழும்புக்காரருக்கு எழுதிவிட்டேன். டிம்பனி இறங்கியது வாசித்தவரின் பிழை இல்லை, அதை நெருப்பில் காய்ச்சி அவரிடம் மறைத்தது நான், ஆகவே நாங்கள் வரவில்லை என்று உள்ளதை உள்ளபடி எழுதினேன். உங்களை வைத்து ஒரு மேடை வாங்கி, அதில் வேறு ஆளை வைத்து வாசிக்க எனக்கு முடியாது. கிஷாந்திடமும் சொல்லிவிட்டேன். அவன் அரை மணி நேரம் என்னைத் திட்டினான்.

இனி ‘பெரட்டு’ வாசிப்பதாக இல்லை.

டிலுக்ஷி


நோர்வூட்,
2024 ஜூன் 5.

டிலுக்ஷி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அதைச் சுருட்டி அடுப்படியில் எறிந்தேன். உன் அண்ணி எடுத்து வைத்திருக்கிறாள். ஒரு வாரம் உன் பெயரை எடுத்தாலே வீட்டில் யாரும் என்னோடு பேச முடியவில்லை.

காய்ச்சியதை மன்னித்துவிட்டேன். மழையில் பதறிப்போய்ச் செய்தது, நம் ஆட்கள் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். கையை உயர்த்தியதையும் விட்டுவிடலாம். ஆனால் என் காது போய்விட்டது என்று நான் அந்த வாங்கில் உட்கார்ந்திருந்தபோது, போகவில்லை என்று தெரிந்த ஒரே ஆள் நீ. அதை என்னால் இன்னும் விழுங்க முடியவில்லை.

சரி. அது ஒரு பக்கம் இருக்கட்டும். கொழும்பை விடக் கூடாது. அது உன் மேடை, உன் பாட்டு. என் கோபத்துக்காக அது பாழாக வேண்டாம். நேற்று லீவு போட்டுவிட்டுக் கொத்மலைக்குப் போனேன். பள்ளிக்கூட அதிபர் லேசில் மசியவில்லை. கொடுத்த பொருளைத் திருப்பிக் கேட்பது எந்த ஊர் வழக்கம் என்று கேட்டார். ஞாயம்தான். கடைசியில் ஆகஸ்ட் வரை சனிக்கிழமைகளில் அவர்கள் பேண்டுக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டும், ஜூன் 29 மட்டும் விடுமுறை என்று ஒப்புக்கொண்டார். லொறிக்காரரிடம் எனக்குத் தெரிந்த சிங்களத்தையெல்லாம் கொட்டிக் கெஞ்சி ஏற்றிவந்தேன். வளைவுக்கு வளைவு அது உள்ளே முனகிக்கொண்டே வந்தது.

இப்போது பங்கு மண்டபத்தில் இருக்கிறது. சின்னத்தம்பி வந்து இறக்கிக் கொடுத்தார். இரண்டு பேரும் தேத்தண்ணி குடித்தோம்.

கொழும்புக்காரருக்கு வருகிறோம் என்று எழுது.

றொனால்ட்


நோர்வூட்,
2024 ஜூன் 10.

டிலுக்ஷி,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. அதே நாள் என் கடிதம் உனக்கு வந்திருக்கும். நான் அங்கே அதிபரிடம் பேச்சு வாங்கிக்கொண்டிருந்த மறுநாளே நீ மேடையை வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். படித்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்கிற பழக்கம் உனக்கு எப்போது வரும்? நெருப்பு வைக்கும்போதும் கேட்கவில்லை, நிகழ்ச்சியை நிறுத்தும்போதும் கேட்கவில்லை. பத்து நாள் வாயை மூடிக்கொண்டிருந்த என்னையும் சொல்ல வேண்டும், தெரியும்.

கொழும்புக்காரர் திரும்பக் கூப்பிடுவாரோ மாட்டாரோ, இனி அது அவர் கையில். கிஷாந்த் பேசிப் பார்க்கிறேன் என்கிறான். கிடைத்தால் போவோம். கிடைக்காவிட்டால் நீ அழுவாய், நானும் வருத்தப்படுவேன். அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது.

எனக்கு வேறொரு பிரச்சினை. மூன்று நாளாக மண்டபத்தில் டிம்பனிக்கு முன்னால் நிற்கிறேன். எஃப் வைக்கிறேன். சரி என்று காது சொல்கிறது. உடனே போனை எடுத்துப் பார்க்கிறேன். சரியாகத்தான் இருக்கிறது. அடுத்த அடிக்கு மறுபடியும் போனை எடுக்கிறேன். நேற்று நாற்பது தடவையாவது எடுத்திருப்பேன். என் காதில் ஒன்றும் இல்லை என்று நீ எழுதினாய், டாக்டர் சொன்னார், அந்தக் கருவியும் சொல்கிறது. காரணம் தெரிந்துவிட்டது, ஆனால் பயம் போகவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் நம்பிய பொய் ஒரு கடிதத்தில் இறங்கிப்போகாது போலிருக்கிறது.

வருகிற ஞாயிறு முதல் பஸ்ஸில் வா. பூசை முடிந்ததும் மண்டபம் பன்னிரண்டு மணி வரை நமக்கு. கீபோர்ட் வேண்டாம், போன் இரண்டையும் அண்ணியிடம் கொடுத்துவிடுவோம். நீ சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார். நான் மிதித்து ஏற்றி இறக்கி, எஃப் என்று எனக்குத் தோன்றுகிற இடத்தில் நிறுத்தி அடிப்பேன். சரி என்றால் சரி, பிழை என்றால் பிழை, அவ்வளவுதான் நீ சொல்ல வேண்டும். பாவம் பார்த்து ஒரு தடவை சரி என்று சொன்னாலும் எனக்குத் தெரிந்துவிடும், அன்றோடு உன்னோடு வாசிப்பதை விட்டுவிடுவேன்.

ஆறுதல் சொல்ல வரவேண்டாம். அது உன் அண்ணியிடமே போதுமான அளவு கிடைக்கிறது. எனக்கு என் காது வேண்டும். எடுத்தவள் நீ, நீயே கொண்டுவந்து கொடு.

றொனால்ட்